வேக வண்டியின் உயிர்நிலை

எக்கலையும் தேவையினின்று பிறந்து, திறமையால் வளர்ந்து, செல்வத்தால் ஒப்பனை பெறுவது உலகியல்பு. ஒப்பனை மிகுந்தவிடத்து அக்கலையின் உயிர் குன்றுமோ, அன்றி ஒப்பனையும் அவ்வுயிரின் மலர்ச்சிதானோ என்பது நெடுங்காலமாக அறிஞர் ஆராய்ந்துவரும் வினா. செய்யுளுக்கும் இசைக்கும் சிற்பத்துக்கும் எழுந்த அவ்வினா இந்நாளில் மோட்டார் வண்டிக்கும் எழுந்துள்ளது. தமிழ் பயிலும் மாணவர்க்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கக்கூடும். தேரும் கலனும் வேலும் வில்லும் பாடாத புலவர் நம் பண்டை நாளில் இல்லை. ஆதலின் யாம் வண்டியைப்பற்றி எழுதப் புகுவது மரபுக்கு மாறன்று என்று நகைப்போர்க்கு விடை கூறி மேற்செல்கின்றோம்.

விடுமுறை நாட்களில் சேலத்தினின்று ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையைக் கண்டோர் யாம் கூறவருவதை எளிதில் உணர்வர். ஒரு வண்டியின் பின்புறத்தில் ஆகாய விமானத்தின் சிறகு போன்ற தகடொன்று நிற்கும். மற்றொன்றின் சைலன்சர் இடிபோல் முழங்கும். பிறிதொரு ஜீப்பு தன் உயரத்திற் பாதியளவு சக்கரம் பூண்டு, நெற்றியில் ஆறேழு விளக்குகள் தாங்கி வரும். இவற்றை உடையோர் தம்மை ஒரு பெருமரபின் வழித்தோன்றல்கள் என்று கருதுகின்றனர். அம்மரபு யாது, அதன் முதற்பொருள் யாது, அது இன்று இவ்வண்டிகளில் நிற்கின்றதா நீங்கிவிட்டதா என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

அம்மரபு அமெரிக்காவின் கலிபோர்னியா நாட்டில் தோன்றியது. ஹென்றி ஃபோர்டு என்பாரின் தொழிற்சாலை 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்னும் வண்டியை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றது. அவை பழையனவாகிக் கழிவுக்கு வந்தபோது, காசில்லாத இளைஞர் அவற்றை அற்ப விலைக்கு வாங்கினர். வாங்கியோர் முதலிற் செய்த வேலை, ஒன்றைச் சேர்ப்பதன்று, களைவதே. சக்கரத்தின்மேல் மூடும் மட்கார்டுகளைக் கழற்றினர். எஞ்சின் மூடியை நீக்கினர். கூரையை அறுத்துத் தாழ்த்தினர். பாரம் குறைந்தால் வண்டி விரைவில் வேகங்கொள்ளும்; காற்றை எதிர்க்கும் முகப்பு குறைந்தால் மேல்வேகம் மிகும். காற்றை வெல்லுதற்கு வேண்டும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்வது. வேகத்தை இருமடங்காக்க எண்மடங்கு ஆற்றல் வேண்டும். பணமின்றி எஞ்சினை எண்மடங்காக்க இயலாது. அரம் ஒன்றும் வாள் ஒன்றும் இருப்பின் கூரையை அறுக்க இயலும். இங்ஙனம் வறுமையும் இயற்கை நூலறிவும் கூடிப் பெற்ற குழந்தையே 'ஹாட் ராட்' எனப் பிற்காலத்துப் பெயர் பெற்ற வேக வண்டி.

1932-ஆம் ஆண்டில் ஃபோர்டு தொழிற்சாலை எட்டு உருளைகள் கொண்ட 65 குதிரைத்திறன் எஞ்சினை எளிய மக்கள் வாங்கும் வண்டியில் வைத்தது. அது முதல் இக்கலை மிக விரைந்து வளர்ந்தது. மியூராக் முதலிய வறண்ட ஏரிப்படுகைகள் ஓட்டக் களமாயின. 1937-இல் தென் கலிபோர்னியாவின் ஓட்டக் கழகங்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. அங்கே பரிசளித்தவை வண்ணப் பூச்சும் வடிவழகும் அல்ல. நேரங்காட்டும் கடிகாரமே நடுவர். எட்டு விநாடியா, ஒன்பது விநாடியா என்பதொன்றே கேள்வி. செல்வர் மகன் வண்டியாயினும் கூலியாள் வண்டியாயினும் கடிகாரம் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் படையினின்று மீண்ட இளைஞர், விமானங்களிற் கற்ற தொழிலை வண்டியிற் காட்டினர். 1946-இல் பில் பர்க் என்பார் போர்விமானத்தின் உபரி எண்ணெய்த் தொட்டியை வாங்கி, அதனையே வண்டியின் உடலாக்கி ஏரிப்படுகையில் ஓட்டினார். வானத்தில் காற்றைக் கிழித்த வடிவம் தரையிலும் கிழிக்கும் என்று கண்ட அவ்வறிவு எத்துணை நுண்ணியது! விக் எடெல்பிராக், எட் இஸ்கெண்டேரியன் போன்றோர் தம் பட்டறைகளில் செய்த உறுப்புகள் நாடெங்கும் பரவின. 1948 சனவரியில் இக்கலைக்கென ஒரு மாத இதழ் தோன்றியது. 1949-இல் பான்னவில் உப்புவெளியில் வேக வாரம் தொடங்கியது. 1951-இல், தெருவில் ஓடி உயிர்போக்கும் இளைஞரை ஒழுங்கான களத்துக்கு அழைக்கும் நோக்குடன் வாலி பார்க்ஸ் என்பார் ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார். இக்கடைசிச் செய்தியை வாசகர் மனத்தில் இருத்துவாராக. பின்னர் இது வேண்டப்படும்.

மரபு இங்ஙனம் இருக்க, மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது? 1955-இல் செவர்லே நிறுவனம் சிறியதும் வலியதுமான புதிய எட்டுருளை எஞ்சினைச் செய்தது. அதனைப் பழைய ஃபோர்டில் இறக்கினால் முன்னோர் பல மாதம் உழைத்துப் பெற்ற ஆற்றல் சில நாளில் கிட்டியது. தொழிற்சாலைகளே வேகமான வண்டிகளைக் கடையில் விற்கத் தொடங்கின. 1970 முதல் தெருவில் உலாவரும் பழ வண்டிகளுக்கெனப் பெருங்கூட்டங்கள் கூடின. அங்கே ஓட்டம் ஒழிந்தது, காட்சி மிகுந்தது. பிறகு கண்ணாடியிழையில் வார்த்த புதிய 'பழைய' உடல்களும், பெட்டியிற் கட்டிவரும் எஞ்சின்களும், வெட்டிக் கடைந்த அலுமினியச் சக்கரங்களும் விலைக்கு வந்தன. ஒரு போல்ட்டையும் தன் கையால் முடுக்காத செல்வர், காசோலை ஒன்றில் கையெழுத்திட்டு வேக வண்டியின் உடையவராயினர். அவ்வண்டிகளுட் பல, மழையில் நனையாமல், தூசி படியாமல், மற்றொரு வண்டியின்மேல் ஏறிக் கண்காட்சிக்குச் செல்கின்றன. ஓடாத தேரை நிலைத்தேர் என்போம். ஓடாத வேக வண்டியை என்னென்பது?

இதனை வெறுத்த சிலர் வேறொரு வழி புகுந்தனர். பளபளப்பை ஒழித்து, துருப்பிடித்த உடலும் பொருந்தா உறுப்பும் கொண்ட வண்டிகளைச் செய்து, பழைய வறுமைக் கோலத்தை மீண்டும் புனைந்தனர். நோக்கம் நல்லதே. ஆயினும் சின்னாளில் துருவும் ஓர் ஒப்பனையாயிற்று. நல்ல இரும்புக்கு மருந்து தடவித் துரு ஏற்றுவோரும், துருப்போல் வண்ணம் பூசுவோரும் தோன்றினர். செல்வன் பட்டுடுத்துத் திரிவது ஒருவகை வேடம். அவனே கந்தை உடுத்து ஏழையெனத் திரிவது அதனினும் பெரிய வேடம். ஆகவே பழமையின் புறக்கோலத்தை மீட்பதால் பழமையின் உயிர் மீள்வதில்லை என்பது தெளிவு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இக்கலை அமெரிக்காவுக்கே உரியது, நமக்கு இரவற்பொருள் என்று கருதுவோர் சோழவரத்தை மறந்தவராவர். சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்து விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆதரவில் பல்லாண்டு வண்டிப் பந்தயங்கள் நடைபெற்றன. அக்காலத்தில் வெளிநாட்டு வண்டிகளையும் உறுப்புகளையும் தடையின்றித் தருவிக்க இயலாது. கிடைத்தவை அம்பாசிடர், ஃபியட், சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய சிலவே. இவற்றின் எஞ்சினைக் கழற்றிக் கடைந்து, பாரம் குறைத்து, உடலை மாற்றி, சில வேளை முற்றும் புதியதோர் ஒற்றையிருக்கை வண்டியாகவே கட்டி ஓட்டினர் நம்மவர். கலிபோர்னியாவில் வறுமை செய்த வேலையை இங்கே தட்டுப்பாடு செய்தது. காரணம் வேறு, கலை ஒன்றே.

அம்மரபின் முடிமணியாக விளங்கினார் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். பஞ்சாலைச் செல்வம் மிக்க குடியிற் பிறந்த அவர், அச்செல்வத்தால் அயல்நாட்டு வண்டியை வாங்கிப் புகழ்தேடி அமைந்திருக்கலாம். அவரோ தம் பட்டறையில் வண்டி கட்டினார். 1983 இறுதியில் வெளிவந்த மாருதி 800 என்னும் சிறு வண்டியின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் முதலிய உறுப்புகளைக் கொண்டே 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றையிருக்கைப் பந்தய வண்டியை அமைத்தார். பால் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடவும் பயன்பட்ட எஞ்சின் பந்தயக் களத்தில் முழங்கிற்று. குறைந்த செலவில் ஓட்டம் பழக வழி பிறந்தமையால் ஒரு தலைமுறை ஓட்டுநர் உருவாயினர். அவ்வூரினரும், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியருமான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அவ்வண்டியில் ஓடியவரே. 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பெற்ற பந்தயக் களம் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என வழங்குகிறது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குங்கால் இக்கலையின் உயிர்நிலை மூன்று பண்புகளில் அடங்குவது புலனாகும். ஒன்று, செய்வோன் கையும் அறிவும் வண்டியில் இருத்தல். இரண்டு, செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வேகத்தைச் சார்ந்த காரணம் இருத்தல். மூன்று, அக்காரணம் மெய்யோ பொய்யோ என்பதைக் களத்தில் சோதித்து அறிதல். பழைய ஃபோர்டு உடலோ, எட்டுருளை எஞ்சினோ, நெருப்புச் சுடர் எழுதிய வண்ணமோ உயிரல்ல. இவை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும் உடல்களே.

நம் இலக்கணநூலார் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுப்பர். வழிநூல் செய்வோன் முன்னோர் நூலின் பொருளைத் தழுவி, தான் வேண்டும் வேறுபாட்டைத் தன் அறிவால் அமைத்துச் செய்வான். ஃபோர்டின் வண்டி முதனூல் எனின், கலிபோர்னியா இளைஞரின் வண்டி அதற்கு வழிநூல்; மாருதிக்குக் கரிவரதன் செய்த வண்டியும் வழிநூலே. பெட்டியில் வந்த உறுப்புகளை விளம்பரத்திற் கண்டவாறே பூட்டிய வண்டியோ, ஏட்டைப் பார்த்து எழுதிய படி. அதனை எழுதினோன் புலவன் ஆகான். படியெழுதுதல் இழிதொழில் என்று யாம் கூறவில்லை. படியெழுதிவிட்டு ஆசிரியர் பெயர் சூட்டிக்கொள்வதே பொருந்தாது என்கின்றோம்.

இம்மூன்று பண்புகளையும் உரைகல்லாகக் கொண்டு ஏற்காட்டுப் பாதையில் ஏறும் வண்டிகளை உரைத்துப் பார்ப்போம். சேலத்தினின்று அப்பாதை 20 கொண்டையூசி வளைவுகளுடன் மேலேறுகின்றது. அடிவாரத்துக்கும் ஊருக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். அவ்வளைவுகளில் அறிவுடையோன் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குமேற் செல்லான். பின்புறச் சிறகோ காற்றின் விசையால் சக்கரத்தைத் தரையில் அழுத்துதற்கு அமைந்தது. அவ்வழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்வது. 200 கிலோமீட்டர் வேகத்தில் அது தரும் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கே 20 கிலோமீட்டரில் கிட்டும். ஆகவே மலைப்பாதையில் அச்சிறகு செய்யும் வேலை ஒன்றே: தன் பாரத்தை மலைமேல் ஏற்றி, மீண்டும் இறக்கிக்கொண்டு வருதல்.

சக்கரத்தைப் பாருங்கள். தொழிற்சாலை வைத்ததினும் பெரிய சக்கரத்தைப் பூட்டினால் வண்டி கம்பீரமாகத் தோன்றும். ஆனால் அதே பல்சக்கரத்தில் இழுக்கும் விசை குறையும்; ஏற்றத்தில் வண்டி திணறும்; பாரம் மிக்க சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் வேண்டும். உயர்த்திய ஜீப்பின் ஈர்ப்புமையம் மேலேறுவதால் வளைவில் கவிழும் அச்சம் மிகும். கண் கூசும் விளக்கோ எதிரே இறங்கிவரும் பேருந்தோட்டியின் பார்வையை வளைவிலேயே பறிக்கும். சைலன்சரும் அத்தகையதே. எஞ்சினின் பிற உறுப்புகளையும் எரிபொருள் அளவையும் அதற்கேற்பத் திருத்தாமல் அதை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் மிகுவது ஓசையே, ஆற்றலன்று. வேகத்துக்காகச் செய்தேன் என்று கூறும் மாற்றங்களே வேகத்துக்குப் பகையாய் நிற்கும் விந்தை இது. கலிபோர்னியா இளைஞன் ஓட்டத்துக்காக அழகைக் கழற்றி எறிந்தான். இவர்கள் அழகுக்காக ஓட்டத்தைக் கழற்றி எறிகின்றனர்.

ஒப்பிட்டு நோக்குதற்கு இம்மலையிலேயே வேறொரு வண்டி உண்டு. காப்பித் தோட்டங்களில் உழைக்கும் பழைய ஜீப்பே அது. தோட்டக்காரர் வேண்டியவாறு அதன் உடலை அறுத்து மூட்டை ஏற்ற இடஞ்செய்வர். தேய்ந்த உறுப்புக்கு ஈடாகச் சேலத்துக் கடைசற் பட்டறையில் புதிதொன்று கடைந்து பூட்டுவர். கூரை ஒழுகினால் தகடு ஒட்டுவர். அதன் மேனியில் வண்ணம் நான்கு விதமாய் இருக்கும். எவரும் அதனைப் படம் எடுத்து மகிழ்வதில்லை. ஆயினும் மழைக்காலத்துச் சேற்றில் கூலியாட்களையும் காப்பி மூட்டையையும் சுமந்து அது மேடேறும்போது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தமை விளங்கும். வேகம் அதற்கு நோக்கமன்று. எனினும் இக்கலையின் உயிர்நிலைக்கு அலங்கார ஜீப்பினும் அதுவே அண்மையில் நிற்கின்றது.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். இச்சேர்வராயன் மலைக்கு வடக்கே, இற்றைத் தருமபுரியாகிய தகடூரில் ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். அங்கே படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் பூண்டு, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் பளபளத்தன. ஔவையார் அவற்றைப் புகழ்வார்போற் புகழ்ந்து, தம் தலைவன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனுடைய சிறு பட்டறையிற் கிடக்கின்றன என்றார். இது புறநானூற்றின் 95-ஆம் பாட்டிற் கண்ட செய்தி. படைக்கலத்தின் பெருமை ஒப்பனையில் இல்லை, பட்டறையில் இருக்கின்றது என்னும் அவ்வுண்மையை ஈராயிரம் ஆண்டின் முன்னே உணர்ந்த நாட்டில் பிறந்தோர், கண்காட்சி வண்டியைக் கண்டு மயங்குதல் தகுமோ?

இனி எதிர்வாதிகள் கூறுவன சிலவற்றை நோக்குவோம். முதலாவது: ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பின்வந்தோரைப் பார்த்து உயிர்போயிற்று என்று புலம்புவது வழக்கமன்றோ என்பர். இது பெரும்பாலும் மெய்யே. நான்கு உருளையில் தேர்ந்தோர் எட்டு உருளையை இகழ்ந்தனர். ஃபோர்டு எஞ்சினில் தேர்ந்தோர் செவர்லே எஞ்சினை இகழ்ந்தனர். ஆனால் எம் கூற்று அவ்வகையதன்று. எஞ்சின் மாறியதையோ வடிவம் மாறியதையோ யாம் குறையாகக் கூறவில்லை. ஒருவன் நாளை மின்விசையால் ஓடும் வண்டியைத் தன் பட்டறையில் கட்டி, மின்கல அடுக்கின் பாரத்தைக் குறைக்க வழிகண்டு, களத்தில் நேரம் குறித்து ஓட்டுவானாயின், எண்ணெய் நாற்றம் சிறிதுமில்லாத அவ்வண்டியும் பழைய மரபின் நேரிய வழித்தோன்றலே.

இரண்டாவது: அழகு விரும்புதல் குற்றமோ என்பர். குற்றமன்று. நம் கோயில் தேர்களைச் செய்த தச்சர் ஒவ்வோர் அங்குலத்தையும் சிற்பமாக்கினர். ஆயினும் தேர் ஓடவேண்டும் என்பதை அவர் மறந்ததில்லை. அச்சும் சக்கரமும் வலிமையாய் அமைந்தபின்னரே சிற்பம் ஏறிற்று. வண்டியை அழகுசெய்வோர் அழகு செய்தேம் என்றே கூறட்டும்; அதற்கும் தனிப் பெருமை உண்டு, தகடடிக்கும் தொழிலாளரும் வண்ணந் தீட்டுவோரும் அதனால் வாழ்வர். அழகை வேகம் என்று பெயரிட்டு வழங்குவதே மயக்கத்துக்கு வித்து.

மூன்றாவது வாதமே வலியது. சட்டம் இடங்கொடாதபோது கலை எங்ஙனம் வாழும் என்பர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரம் செய்தோன் குறித்த அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என விலக்குகின்றது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே திருத்தப்பட்ட சட்டம், இசைவின்றிச் செய்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரையிலான சிறையோ விதிக்க இடந்தருகின்றது. இச்சட்டம் அறிவுள்ள மாற்றத்தையும் அறிவற்ற மாற்றத்தையும் ஒருநிறையாக நிறுக்கின்றது என்னும் குறை உண்டு. நிறுத்துந்திறனை மிகுத்த பிரேக்கும் காதைப் பிளக்கும் சைலன்சரும் அதன் கண்ணுக்கு ஒன்றே. தகுதிவாய்ந்தோர் சோதித்துச் சான்றளித்தபின் சில மாற்றங்களுக்கு இசைவு தரும் முறை விரிவடைதல் நன்று. உரிய ஒப்புதல் பெற்ற கருவிகளால் பழைய வண்டியை மின்வண்டியாக்க விதி இப்போதே இடந்தருவது போல, பிறவற்றுக்கும் தரலாம்.

ஆயினும் சட்டத்தின்மேல் முழுப்பழியையும் சுமத்தல் முறையன்று. மலைப்பாதை ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. அதிலே பள்ளி மாணவரை ஏற்றிய பேருந்து வருகின்றது. மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லும் வண்டி இறங்குகின்றது. பலாவும் காப்பியும் மிளகும் சுமந்த பாரவண்டி மூச்சுவாங்கி ஏறுகின்றது. மலைவாழ் மக்கள் ஓரத்தில் நடக்கின்றனர். இவர்களுள் எவரும் பந்தயத்துக்கு உடன்பட்டவரல்லர். களத்தில் ஓடுவோன் தன் உயிரைப் பணயம் வைக்கின்றான். தெருவில் ஓடுவோன் பிறர் உயிரைப் பணயம் வைக்கின்றான். முன்னையது வீரம், பின்னையது களவு. 1951-இல் அமெரிக்க இளைஞரைத் தெருவினின்று களத்துக்கு அழைத்தவர் இக்கலையின் பகைவரல்லர், அதன் உள்ளத்தை அறிந்த தலைவர் என்பதை ஈண்டு நினைவுகூர்க. களத்துக்குச் சென்றமையால் கலை மாய்ந்ததில்லை, வளர்ந்தது.

நம் நாட்டிலும் களம் இல்லாமலில்லை. சோழவரத்துக்குப் பின் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயக் களம் அமைந்தது. கோவையில் கரிவரதன் பெயர்க்களம் உள்ளது. பொறியியற் கல்லூரி மாணவர் தாமே ஒற்றையிருக்கை வண்டியை வரைந்து, கட்டி, ஓட்டிக்காட்டும் போட்டிகள் அங்கே நடைபெறுகின்றன. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவான இம்முறையில், வேகம் மட்டுமன்றி, இவ்வுறுப்பை ஏன் இவ்வாறு அமைத்தாய் என்னும் கேள்விக்கு நடுவர் முன் விடைகூறும் திறனுக்கும் மதிப்பெண் உண்டு. செலவுக் கணக்கும் காட்டவேண்டும். கையும் காரணமும் களச்சோதனையும் ஆகிய மூன்றும் ஒருங்கே அங்கு நிற்பதை நோக்குக. ஹாட் ராட் என்னும் பெயரை அம்மாணவர் சூட்டிக்கொள்வதில்லை. அதன் உயிரை அவர்களே சுமக்கின்றனர். எனவே, இக்கலை உயிரிழந்ததா என்னும் வினாவுக்கு எம் விடை இது: பெயர் நின்றவிடத்தில் உயிர் பெரும்பாலும் நீங்கிற்று, உயிர் நின்றவிடத்தில் பெயர் இன்னும் சேரவில்லை.

இம்மலைநாட்டினர்க்கு இதிற் சிறப்பான கடமை ஒன்று உண்டு. வேக எஞ்சின் செய்வோர் இரும்புத் தலையை நீக்கி அலுமினியத் தலையைப் பொருத்துவர். பாரம் குறையும், வெப்பம் விரைவில் வெளிச்செல்லும். அவ்வலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட்டுக் கனி இச்சேர்வராயன் மலையில் தோண்டப்பெற்று, 1965 முதல் மேட்டூர் ஆலையில் உருக்கப்பட்டது. 2008-இல் அவ்வுருக்காலை நின்றது. மலையின் மண் உலோகமாகி எங்கெங்கோ சென்றது. அதனைக் கடைந்து உருவாக்கும் அறிவில் நமக்குப் பங்கு வேண்டாவோ? சேலத்தில் உருக்காலை இருக்கின்றது. தெருத்தோறும் கடைசற் பட்டறை இருக்கின்றது. தொழில் தெரிந்த மூத்தோர் இருக்கின்றனர். பளபளக்கும் உறுப்பை அஞ்சலில் வருவித்துப் பூட்டும் இளைஞன் அம்மூத்தோருள் ஒருவரிடம் ஒரு விடுமுறை முழுதும் நின்று, பிஸ்டன் வளையத்தின் இடைவெளி ஏன் அத்துணை நுண்ணியதாக வேண்டும் என்று கற்பானாயின், அவன் வாங்க இயலாத ஒன்றைப் பெற்றவனாவான்.

நம் கல்லூரி மாணவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் சுருங்கியது. வண்டியை விரும்புவோர் விரும்புக. ஆனால் வண்டியில் ஓர் உறுப்பை மாற்றுமுன், இது எதற்காக என்று தம்மைத்தாமே வினவுக. விடை கிடையாதாயின் மாற்றாது விடுக. மாற்றத் துணிந்தால் தம் கையால் மாற்றுக; மாற்றியதைத் தெருவிற் காட்டாது களத்திற் காட்டுக. தமிழ் பயில்வோராகிய எமக்கும் இவ்வறிவுரை பொருந்தும். முன்னோர் சொல்லை எடுத்து மாலைபோற் சூட்டி எழுதுதல் எளிது. அச்சொல் ஏன் அங்கே நின்றது என்று ஆராய்ந்து எழுதுதல் அரிது. வண்டியாயினும் வாக்கியமாயினும், வேலை செய்யாத உறுப்பு பாரமே.